பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் உச்சிப்பொழுது

கோலாலம்பூர் விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "பரீட்சைக்கு" என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். அதில் கறுப்பு முடியைத் தேடித்தான் எடுக்க வேண்டும். "என்ன பரீட்சை?" "பௌத்தம்." "நீங்கள் துறவியா?" "இல்லை, ரயில்வே." அதற்கு மேல் என்ன கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது. போகச் சொல்லிவிட்டார்.

நான் விழுப்புரத்தில் கூட்ஸ் வண்டி கார்டு. இப்போது எங்களுக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், வேலை அதேதான். வரிசையாகப் பெட்டிகள், கடைசியில் ஒரு பிரேக் வேன், அதற்குள் நான் ஒருவன். வண்டி எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று நிமிட சுத்தமாக எழுத வேண்டும். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வழிவிட எங்களை ஓரமாக நிறுத்திவிட்டால் மணிக்கணக்கில் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. அப்படி ஒரு மத்தியானம் வடை கட்டி வந்த தாளில் ஒரு விளம்பரம் பார்த்தேன். ஏதோ ஒரு பல்கலைக்கழகம், தபால்வழி, பௌத்தம், ஆறு மாதச் சான்றிதழ். பொழுது போகட்டுமே என்று பணம் கட்டினேன்.

பொழுதுபோக்கு வினையாகிவிட்டது. சான்றிதழ் முடிந்து, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலை டிப்ளமோவில் சேர்ந்தேன். பாலி மொழி இலக்கணத்தை பிரேக் வேனில் உரக்கப் படித்து, லெவல் கிராஸிங்கில் நின்றவர்களை மிரளவைத்தேன். என் மனைவி சாவித்திரி மட்டும் அசரவில்லை. "பென்ஷன் வாங்குற வயசுல டிகிரி வாங்கி யாருக்குங்க காட்டப்போறீங்க?" என்பாள்.

டிப்ளமோவின் பதிவுக் காலம் ஐந்து வருடம். எழுத்துத் தேர்வுகளை ஒருவாறு தாண்டிவிட்டேன். வாய்மொழித் தேர்வில்தான் இரண்டு முறை மண்ணைக் கவ்வினேன். இரண்டும் வீடியோவில் நடந்தவை. கேள்வி முடிவதற்குள் நான் பாடப்புத்தகத்தை ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவேன், பிளாட்பாரத்தில் அறிவிப்பு செய்யும் குரலிலேயே. இந்த ஜூன் மாதம் மூன்றாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பும் அதுதான். அதுவும் இம்முறை நேரில் வர வேண்டும், கோலாலம்பூரில். தேறினால் அதே பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில் இடம் உண்டு. தவறினால் ஐந்து வருடப் படிப்பும் காலாவதி, மறுபடி முதலிலிருந்து.

விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்தவர் ஞானப்பிரகாசம். எங்கள் படிப்புக்கான வாட்ஸ்அப் குழுவில் பழக்கம், நேரில் பார்ப்பது இதுவே முதல் முறை. கோலாலம்பூருக்குப் பக்கத்து ஊரான கிள்ளானில் ஃபோர்க்லிஃப்ட் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் கத்தோலிக்கர். அவருடைய மனைவி மெய் லிங் சீன பௌத்தக் குடும்பம். "மாமியார் வீட்டுல எது கேட்டாலும் நான் பேந்தப் பேந்த முழிப்பேன் அண்ணே. ஒரு நாளாச்சும் பதில் சொல்லணும்ல? அதான் சேர்ந்தேன்" என்றார் காரை ஓட்டியபடி. படிப்பதற்கு என்னுடையதைவிட நல்ல காரணம்.

நான் தங்கவிருந்த அவர் வீட்டுக்குப் போகும் முன்பே காரை ஒரு மாமாக் கடை முன் நிறுத்திவிட்டார். இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு இங்கே அதுதான் பெயர். ரொட்டி சானாய் என்று ஒன்று வந்தது. நம்மூர் பரோட்டாவுக்குப் பெரியப்பா பிள்ளை முறை, ஆனால் உடம்பு இளைத்தது. தே தாரிக் என்று நுரை பொங்கும் டீ வந்தது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என் நண்பர் ஆற்றும் டீயை இங்கே கொண்டுவந்து கண்டென்ஸ்டு மில்க் ஊற்றிக் கெடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது கிளாஸில் கருத்தை மாற்றிக்கொண்டேன். மூன்றாவது கேட்டபோது ஞானம் என்னைக் கவலையோடு பார்த்தார்.

"அண்ணே, நாள கழிச்சு நோன்பு இருக்கு, ஞாபகம் இருக்குல்ல?"

"அதுக்குத்தான் இன்னைக்கே சாப்பிடறேன்" என்றேன்.

மறுநாள் அவருடனேயே கோலாலம்பூரில் நம்மவர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். எங்கள் படிப்பு மையம் அங்கே ஒரு கடைவரிசையின் மாடியில் இருந்தது. கீழே பூமாலைக் கடை, அடுத்து சீடியும் விளக்கும் விற்கும் கடை, அதன் ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. மேலே மோனோரயில் போகிறது. ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க ரயில்வேக்காரர்களின் குடியிருப்பாம். அதைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊருக்கு வந்த தெம்பு வந்துவிட்டது. நடைபாதையில் மஞ்சளாக, புடைப்புப் புடைப்பாகக் கல் பதித்திருந்தார்கள், பார்வையற்றவர்கள் காலால் தடவி நடப்பதற்கு. அதன்மீது ஒருவர் மோட்டார் சைக்கிளை நிறுத்திவைத்திருந்தார். இந்தக் காட்சியைப் பார்க்க நான் கடல் தாண்டி வந்திருக்க வேண்டாம்.

மையத்தின் பொறுப்பாளர் மேடம் கோ. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். குட்டையான உருவம், பெரிய கண்ணாடி. எங்கள் இருபது பேரையும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை உட்காரவைப்பதுபோல் வரிசையாக உட்காரவைத்தார். ஒவ்வொருவருடைய பயிற்சி ஏட்டையும் வாங்கிப் புரட்டினார்.

பயிற்சி ஏட்டைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இந்த டிப்ளமோவுக்குப் படித்தால் மட்டும் போதாது. பன்னிரண்டு நாட்கள் எண்சீல நோன்பு இருக்க வேண்டும். எட்டு விரதங்களில் ஆறாவதுதான் என்னைப் போன்றவர்களுக்கு எமன்: உச்சிப்பொழுதுக்குப் பிறகு மறுநாள் விடியும் வரை சாப்பாடு கிடையாது. தண்ணீரும் வடிகட்டிய சாறும் குடிக்கலாம். பதினொரு நாள் அவரவர் ஊரில், தாமே எழுதிக்கொள்ளலாம். கடைசி நாள் இங்கே மையத்தில், மேற்பார்வையாளர் கையெழுத்தோடு. பன்னிரண்டில் ஒன்று குறைந்தாலும் டிப்ளமோ கிடையாது.

என் ஏட்டைப் புரட்டிய மேடம் கோ நின்றுவிட்டார். "மற்றவர்கள் எல்லாரும் 'உச்சிக்கு முன் உண்டேன்' என்று எழுதியிருக்கிறார்கள். நீங்கள் மட்டும் ஏன் 'உணவு தொடக்கம் 11.31, முடிவு 11.52' என்று எழுதியிருக்கிறீர்கள்?"

"நான் கார்டு, மேடம். எங்களுக்கு அப்படித்தான் எழுத வரும்."

"மிக நல்லது" என்றார். கணக்கு டீச்சரிடம் அந்த வார்த்தையை வாங்கியதில் எனக்கு அன்று முழுவதும் தலை கனத்திருந்தது. "நாளை பதினொன்றரைக்கு இங்கே சாப்பாடு. சமைப்பவர் பன்னிரண்டுக்கு வேறு வேலைக்குப் போய்விடுவார். தாமதிக்காதீர்கள்" என்றும் சொன்னார். தாமதம் என்ற சொல்லை ஒரு ரயில்வேக்காரனிடம் சொல்கிறாரே என்று சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள். நோன்பு நாள். ஞானத்துக்கு விடியற்காலையிலேயே பட்டறையில் ஒரு அவசர வேலை, அதை முடித்துவிட்டு அப்படியே மையத்துக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார். நான் காலையில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு, பத்து மணி வாக்கில் கிள்ளான் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ரயில் பிடித்தேன். மின்சார ரயில், குளுகுளுவென்று ஏசி. கதவுகள் தானாகத் திறந்து தானாக மூடின. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாலி சூத்திரத் தாள்களை எடுத்து விரித்தேன்.

ஒரு ஸ்டேஷன் போனபிறகுதான் சுற்றிலும் பார்த்தேன். எல்லாரும் பெண்கள். முக்காடு போட்ட மலாய்க்காரப் பெண்கள், சீனப் பெண்கள், சுடிதார் அணிந்த நம் பெண்கள். அத்தனை பேரும் ஜன்னலைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் பெரிதாக ஓர் அறிவிப்பு.

எதிரில் இருந்த அம்மாள் இரக்கத்தோடு, இந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு சொன்னார். "அங்கிள், இது லேடீஸ் கோச் லா."

என் வாழ்க்கையில் எத்தனை ஆண்களை லேடீஸ் கம்பார்ட்மெண்டிலிருந்து இறக்கிவிட்டிருப்பேன்! பயணிகள் வண்டியில் வேலை பார்த்த நாட்களில் அதற்கென்றே ஒரு முறைப்பு வைத்திருந்தேன். காது மடல் வரை சூடாகிவிட்டது. பெட்டிக்குள்ளேயே நடந்து அடுத்த பெட்டிக்குப் போயிருக்கலாம், வழி திறந்துதான் இருந்தது. அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. பாடாங் ஜாவா ஸ்டேஷன் வந்ததும் இறங்கினேன். பிளாட்பாரத்தில் நின்று, சட்டையை இழுத்துவிட்டு, தாள்களை அடுக்கிப் பையில் வைத்து, மிக நிதானமாகப் பின்பக்கப் பெட்டியை நோக்கி நடந்தேன்.

ரயில் போய்விட்டது.

கடைசிப் பெட்டியும் என்னைத் தாண்டிப் போனபிறகும் நான் வாயைத் திறந்தபடி நின்றிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் நான் பச்சைக்கொடி காட்டாமல் ஒரு வண்டி நகர்ந்ததில்லை. நான் பிளாட்பாரத்தில் நிற்கும்போது வண்டி கிளம்பும் என்பது என் உடம்புக்கே தெரியாது. எல்லாரும் ரயிலைத் தவறவிடுவார்கள், அவசரத்தில். நிதானத்தால் தவறவிட்டவன் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்த ரயிலுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் இறங்கியபின் இன்னொரு கூத்து. அந்த ஸ்டேஷனிலிருந்து வெளியே வருவதாக நினைத்துக்கொண்டு ஒரு பெரிய கடைவளாகத்துக்குள் நுழைந்துவிட்டேன். மின்படிகளில் ஏறினேன், இறங்கினேன், ஒரே செருப்புக் கடையை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை அங்கிருந்த பையன் "பாஸ், எந்த சைஸ்?" என்று தமிழிலேயே கேட்டான். அவன்தான் வழி சொன்னான்.

மையத்தின் மாடிப்படி ஏறியபோது மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. சமையலறை பூட்டியிருந்தது. கூடத்தில் இருபது பேரில் பத்தொன்பது பேர் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார்கள், வயிறு நிறைந்தவர்களின் முகக்களையோடு. ஞானமும் அதில் இருந்தார். யாரையும் எழுப்ப மனமில்லாமல் கீழே இறங்கினேன்.

பன்னிரண்டு கடந்தாயிற்று. இனி விடியும் வரை ஒன்றும் கிடையாது. சரி, தாங்கிக்கொள்வோம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் பூக்கடைக்கு நான்கு கடை தள்ளி ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. வாசலிலேயே ரசத்தின் வாசனை. உள்ளே ஒருவர் வாழையிலையில் சோற்றைக் குழியாக்கி அதில் பருப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். என் கால்கள் நின்றுவிட்டன.

அந்த நிமிடத்தில் என் மனம் என்ன சொன்னது என்பதை உள்ளபடியே எழுதுகிறேன். "நோன்பு முறிந்தால் முறியட்டும். யார் பார்த்தார்கள்?" என்றது. போய் உட்கார்ந்தேன். சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பிரட்டல், மொறுமொறுவென்று பாகற்காய் வறுவல், அப்பளம். தப்பு செய்தாகிவிட்டது, அரைகுறையாக ஏன் செய்ய வேண்டும் என்று இரண்டாம் முறையும் சோறு போடச் சொன்னேன். பாயசம் கேட்டு வாங்கினேன். "அங்கிள் நல்ல பசி போல" என்றார் பரிமாறிய அக்கா. பசியும் இருந்தது, பயமும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் சாப்பாடு தனி ருசி.

ருசியெல்லாம் கை கழுவும்வரைதான். மாடிக்குத் திரும்பி உட்கார்ந்தபோது பாகற்காய் நெஞ்சில் நின்றது. ஒரு வேளைச் சோற்றுக்காக ஐந்து வருடத்தைக் கொடுத்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்கு ஏட்டை நிரப்பச் சொன்னார்கள். பக்கத்தில் ஞானம் சாவகாசமாக "உச்சிக்கு முன் உண்டேன்" என்று எழுதினார். நானும் அதையே எழுதலாம், ஒரு வரிதான். பேனாவை வைத்தேன். கை தானாக எழுதியது: "தொடக்கம் 12.50, முடிவு 1.08."

ஏட்டைக் கொண்டுபோய் மேடம் கோவின் மேசையில் வைத்துவிட்டு, தண்டனைக்குக் காத்திருப்பவன்போல் நின்றேன். அவர் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து, சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த ஓர் அட்டவணைக்கு என்னை அழைத்துப்போனார்.

"உச்சி என்றால் கடிகாரம் காட்டும் பன்னிரண்டு இல்லை, மிஸ்டர் கோதண்டம். சூரியன் நடுவானத்துக்கு வரும் நேரம். எங்கள் நாட்டுக் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இன்று கோலாலம்பூரில் உச்சி எப்போது, பாருங்கள்."

ஜூன் மாதக் கட்டத்தில் பார்த்தேன். ஒரு மணி பதிமூன்று.

"ஐந்து நிமிடம் முன்னதாகவே முடித்துவிட்டீர்கள்" என்று சொல்லி, கையெழுத்தைப் போட்டார்.

நான் படியில் இறங்கி வந்தது எனக்கே தெரியவில்லை. ஞானத்திடம் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, சூரியனே ஒங்களுக்காக ஒரு மணி நேரம் லேட்டா வந்திருக்கு லா." கிள்ளான் வரும் வழி முழுக்க இருவரும் சிரித்தோம். டுரியான் காலம் அது. சாலையோரத்தில் முள்ளுப் பழங்களைக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலைக்கென்று இரண்டு வாங்கினோம். வாசனை தாங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினார்.

வீட்டில் மெய் லிங் எனக்கு எலுமிச்சைச் சாறு வடிகட்டிக் கொடுத்தார். அவர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார், எனக்குப் புரியாததை ஞானம் தமிழில் சொல்வார். என் கதையை ஞானம் நடித்தே காட்டினார். மெய் லிங்கும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, கிளாஸை வாங்கிக்கொண்டே சாதாரணமாக ஒன்று கேட்டார்.

"சாப்பிட உட்காரும்போது, உச்சி ஒரு மணி பதிமூன்று என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஓ" என்றார். அவ்வளவுதான். கிளாஸைக் கழுவப் போய்விட்டார்.

"அவ சும்மா கேட்டா அண்ணே. மண்டைய ஒடச்சிக்காதீங்க. மேடம் சைன் போட்டாச்சு, முடிஞ்சிச்சு" என்றார் ஞானம். முடியவில்லை. அந்த "ஓ" என்னை விடவே இல்லை.

நான்காம் நாள் காலை டுரியான் தின்றோம். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம், ஆனால் நாக்கு வேறெங்கோ இருந்தது. ரயிலில் (ஆண்களும் ஏறலாம் என்று இருமுறை உறுதிசெய்துகொண்டு) என் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தேன். சூரியனைப் பற்றித் தெரிந்துகொண்டவன் சும்மா இருப்பேனா? கைப்பேசியில் விழுப்புரத்தின் உச்சிப்பொழுதை ஒவ்வொரு நோன்பு நாளுக்கும் தேடினேன். பத்து நாள் பிழையில்லை. ஒரு நாள், போன நவம்பரில், சூரியன் 11.56க்கே உச்சிக்கு வந்திருக்கிறது. என் ஏட்டில் "முடிவு 11.59". நவம்பரில் நான் மூன்று நிமிடம் தாமதம். நேற்று ஐந்து நிமிடம் முன்னதாக. கூட்ஸ் வண்டிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. நான் அந்தப் பக்கத்தின் முனையை மடித்துவைத்தேன்.

வாய்மொழித் தேர்வை நடத்தியவர் இலங்கையிலிருந்து வந்த ஒரு பிக்கு. முன்பு இரண்டு முறையும் வீடியோவில் என்னைத் தோற்கடித்தவர் இவர்தான். நேரில் பார்த்தால் என் மகன் வயது. மேடம் கோ பக்கத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார். பிக்குகளை அழைக்கும் முறைப்படி 'பந்தே' என்று வணங்கிவிட்டு உட்கார்ந்தேன். கர்மம் என்பது என்ன என்று கேட்பார், செயலின் வேர் எண்ணமே என்ற பாலி வாசகத்தை விளக்கத்தோடு ஒப்பிக்கலாம் என்று தயாராக இருந்தேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. ஏட்டைத் திறந்தார். சுருக்கமான, மெதுவான ஆங்கிலத்தில் கேட்டார். "நேற்று 12.50க்கு உண்டிருக்கிறீர்கள். உச்சி 1.13. இந்த நோன்பு நிறைவேறியதா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. கையெழுத்து இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, சூரியனே என் பக்கம். இல்லை என்றால் பன்னிரண்டில் ஒன்று குறையும், டிப்ளமோ போய்விடும். மேடம் கோ எனக்குத் தலையைக்கூட லேசாக அசைத்துக் காட்டினார், சொல்லுங்கள் என்பதுபோல்.

"இல்லை, பந்தே" என்றேன்.

மேடம் கோவின் பேனா நின்றது. நான் எனக்குத் தெரிந்த ரயில்வே ஆங்கிலத்தில், துறை விசாரணையில் வாக்குமூலம் கொடுப்பதுபோல் சொன்னேன். "சாப்பிட உட்காரும்போது நேரம் கடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். முறிந்தால் முறியட்டும், யார் பார்த்தார்கள் என்று நினைத்துச் சாப்பிட்டேன். பாயசம் கேட்டு வாங்கினேன். நேரம் சரியாக இருந்தது என் புண்ணியமல்ல. சிக்னல் சிவப்பு என்று நினைத்துக்கொண்டே தாண்டினேன். அது பச்சையாக இருந்தது தற்செயல்."

கீழே கடையில் பாட்டு மாறியது.

"நவம்பர்ப் பக்கம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்" என்று அதைத் திருப்பிக் காட்டினேன். "இதில் மூன்று நிமிடம் தாமதம். இன்று காலை ரயிலில்தான் கண்டுபிடித்தேன்."

"அதுவும் முறிந்ததா?"

"அன்று நேரம் இருக்கிறது என்று நம்பினேன். பன்னிரண்டுக்குள் முடிக்க வேண்டுமென்று வேகமாகச் சாப்பிட்டு நாக்கைக்கூடக் கடித்துக்கொண்டேன். என் மனதில் களவு இல்லை. அது நிறைவேறியதாகவே நினைக்கிறேன்."

"சூரியன் விடுதலை செய்ததை நீங்கள் குற்றம் என்கிறீர்கள். சூரியன் குற்றம் சாட்டுவதை நீங்கள் விடுதலை செய்கிறீர்கள்."

"ஆமாம், பந்தே." அவ்வளவுதான், ஐந்து வருடத்துக்கும் பெரிய கும்பிடு என்று மனதுக்குள் சாவித்திரியிடம் சொல்லிக்கொண்டேன். விசித்திரம் என்னவென்றால், நேற்றிலிருந்து நெஞ்சில் நின்ற பாகற்காய் அந்த நொடியில் இறங்கிவிட்டது.

அவர் சிரித்தார். இரண்டு வருடத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. "இதற்கு முன் இரண்டு முறை உங்களிடம் கர்மம் என்றால் என்ன என்று கேட்டேன். இரண்டு முறையும் பதினைந்து நிமிடம் பதில் சொன்னீர்கள், எனக்குத் தூக்கம் வந்தது. இன்று நான் கேட்கவே இல்லை, சொல்லிவிட்டீர்கள். வாய்மொழித் தேர்வு தேர்ச்சி." பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "ஆனால் நோன்பு பதினொன்றுதான் இருக்கிறது" என்றார்.

"நாளை நான் ஊருக்குப் போகிறேன், பந்தே. மத்தியானம் விமானம்."

"இந்த மாத முடிவுக்குள் ஏடு பல்கலைக்கழகத்துக்கு வர வேண்டும், மேற்பார்வையாளர் கையெழுத்தோடு" என்று மேடம் கோ கவலையோடு நினைவூட்டினார். "விழுப்புரத்தில் மேற்பார்வையாளர் யார்?"

யாரும் இல்லை. பிக்கு ஏட்டைத் தன் பக்கம் இழுத்தார். நேற்றைய பக்கத்தில் மேடம் கோவின் கையெழுத்தின்மீது ஒரு கோடு போட்டார். பக்கத்தைத் திருப்பினார். காலியாக இருந்த அடுத்த பக்கத்தின் அடியில் தன் பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டார். மேலே ஒரு எழுத்துகூட இல்லை. தேதியும் இல்லை, நேரமும் இல்லை.

"நீங்களே நிரப்பி அனுப்புங்கள்" என்றார்.

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்பது ரயில்வேயில் நான் கற்ற முதல் பாடம். எனக்காகவும் யாரும் அப்படிப் போட்டதில்லை. ஏட்டை வாங்கும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடம் கோ ஒரு டிஷ்யூவை நீட்டினார். வெளியே தன் முறைக்காகக் காத்திருந்த ஞானம் என் முகத்தைப் பார்த்து, "போச்சா அண்ணே?" என்று பதறினார். பாஸ் என்றேன். "அப்பறம் ஏன் அழுவுறீங்க?" என்றார். அவரும் அன்று தேறினார். மாமியாரிடம் போய் என்ன பதில் சொன்னார் என்று இன்னும் எழுதவில்லை.

ஐந்தாம் நாள். விடியலிலேயே எண்சீலம் எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்திலேயே நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டேன். தேங்காய்ப்பால் சோறு, வேர்க்கடலை, நெத்திலி, காரமான சம்பல். எந்த நாட்டுச் சூரியனும் குறை சொல்ல முடியாதபடி 11.10க்கு முடித்துவிட்டேன். விமானத்தில் சாப்பாட்டுத் தட்டு வந்தபோது வேண்டாம் என்றேன். பக்கத்தில் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டு போகும் மலேசிய ஆன்டி ஒருவர், "அங்கிள், வானத்துல என்ன விரதம்? சாப்டுங்க லா" என்று கோழித்துண்டை நீட்டினார். என் இனிப்பை அவருக்குக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

சென்னையிலிருந்து பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். தெருமுனையிலேயே வஞ்சிரம் குழம்பு வாசனை. சாவித்திரி இலையே போட்டு வைத்திருந்தாள். தேர்ச்சி என்ற செய்தியை நான் போனில் சொன்னபோது "சரி, சரி" என்று வைத்தவள்தான், இவ்வளவும் செய்திருக்கிறாள்.

"நாளைக்குக் காலைலதான் சாப்பிட முடியும்" என்றேன்.

"அஞ்சு நாள் கழிச்சு வர்றீங்க. ஒரு நாள் சாப்பிட்டா என்ன? இங்க யாருங்க பார்க்கப்போறா?"

ஏட்டை எடுத்து அந்தப் பக்கத்தை அவள் முன் விரித்தேன். அவள் தன் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மேலும் கீழும் பார்த்தாள். "ஒண்ணுமே எழுதலையே. அடியில மட்டும் கையெழுத்து இருக்கு?"

"நான் எழுதுவேன்னு போட்டுக் குடுத்திருக்காரு."

"ஒங்களைத் தெரியுமா அவருக்கு?"

"ரெண்டு தரம் ஃபெயில் பண்ணியிருக்காரு."

சாவித்திரி இன்னும் கொஞ்ச நேரம் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இலையை எடுத்து மடித்தாள். குழம்புச் சட்டியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "மீன் குழம்பு மறுநாள்தான் நல்லா இருக்கும்" என்றாள்.

ஏட்டை நகர்த்தி, பேனாவை என் பக்கம் தள்ளினாள். "எழுதுங்க. நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."